கிட்டங்கியில் கற்ற விதிகள்

(பண்பொழியில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டம் ஒன்றில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் வகுப்பறை அனுபவம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பறைக்கு வெளியே நான் தோற்ற கதையைச் சொல்கிறேன். பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றேன். எதிரில் நின்றவன் என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படிக்கிற மாணவன். அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் இதைப் பேசுகிறேன். "பேரு மட்டும் வேண்டாம் சார்" என்றான். சரி என்றேன்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. சர்க்கரை எட்டிப் பார்த்துவிட்டது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் மருத்துவர். திருமலைக்கோயில் அடிவாரம் வரை போய்த் திரும்புவேன். ஆனால் நம் பக்கத்தில் ஜூன் பிறந்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்று ஊர் உலகமெல்லாம் பை தூக்கிக்கொண்டு வரும். இங்கே இருக்கிற நமக்குக் குடையும் சளியும்தான் மிச்சம். மலை மேகத்துக்குள் போய்விடும். என் நடையும் நின்றுபோனது.

எங்கள் தமிழாசிரியர்தான், "சாரலுக்கு நடக்க முடியலைன்னா என்ன, கிட்டங்கிக்கு வாங்க சார்" என்று கூப்பிட்டார். ஓடாமல் கிடக்கிற ஓர் அரிசி ஆலையின் பழைய கிட்டங்கி அது. இரண்டு மேசைப்பந்து மேசைகள், நான்கு டியூப்லைட், சுவரோரம் ஒரு மரப்பெஞ்சு. மாதச் சந்தா கொஞ்சம். ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிப் பையன்கள், கடை சாத்திவிட்டு வருகிறவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் மாலையில் கூடுவார்கள். பந்து சத்தத்தைவிடப் பேச்சுச் சத்தம்தான் அதிகம். முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். அதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

முதல் நாள் மட்டையைக் கையில் கொடுத்தார்கள். சர்வீஸ் போடச் சொன்னார்கள். சிறுவயதில் வீட்டு முற்றத்தில் இறகுப்பந்து ஆடிய நினைப்பில், பந்தை விரலில் பிடித்து, கையை விட்டு, நேராக எதிர்ப்பக்கத்துக்கு அடித்தேன். பெஞ்சில் ஒரு சிரிப்பு. அப்போது ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்த பையன் எழுந்து வந்தான். பார்த்தால் நம் எட்டாம் வகுப்புப் பையன்! கிட்டங்கியைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சி அவனுக்குத் தாய்மாமா. வகுப்பில் மூன்றாவது வரிசை, சுவர் ஓரம். இரண்டு வருடமாக என்னிடம் படிக்கிறான். அதில் அவன் தானாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"சார், சர்வீஸ்ல பந்து முதல்ல நம்ம பக்கம் ஒரு தடவை படணும். அப்புறம் நெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் படணும்" என்றான். அடித்துக் காட்டினான். இரண்டு 'டக்'. நான் அடித்தேன். ஒரு 'டக்'. மறுபடி அடித்தேன். மூன்று 'டக்', மூன்றுமே என் பக்கம்.

அவன் எல்லா விதியையும் ஒரே நாளில் சொல்லவில்லை. இதை நான் பிறகுதான் கவனித்தேன். எந்தத் தப்பை நான் செய்கிறேனோ, அதற்குரிய விதியை மட்டும் அப்போது சொல்வான். பந்து மேசையில் படும் முன்பே ஆர்வத்தில் அடித்தேன். "நம்ம பக்கம் பட்ட பிறகுதான் அடிக்கணும் சார்." நிலை தடுமாறி இடது கையை மேசையில் ஊன்றினேன். "மட்டை பிடிக்காத கை மேசையில பட்டா பாயிண்ட் போச்சு சார்." சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் சரியாக விழுந்தது. தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். "அது லெட். திரும்பப் போடுங்க." நான் பாடம் நடத்துகிற முறையை நினைத்துப் பார்த்தேன். பயிற்சி 3.1 தொடங்கும் முன்பே பத்து விதியையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கட்டம் கட்டி, மனப்பாடம் செய்யச் சொல்கிறவன் நான்.

அந்தக் கிட்டங்கியில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டம் 21 புள்ளிக்குத்தான் என்பார். ஆளுக்கு ஐந்து சர்வீஸ் என்பார். அவர் சொல்வது கற்பனை அல்ல. 2001 வரை அதுதான் விதி. அதன் பிறகு 11 புள்ளி, ஆளுக்கு இரண்டு சர்வீஸ். பத்துக்குப் பத்து வந்துவிட்டால் ஆளுக்கு ஒரு சர்வீஸாக மாறி மாறிப் போட வேண்டும். இரண்டு புள்ளி முன்னே போகிறவர் ஜெயிப்பார். பந்தும் மாறியது. 38 மில்லிமீட்டர் விட்டம் இருந்த பந்தை 2000-இல் 40 ஆக்கினார்கள். பந்து சற்று மெதுவாகப் போகும், தொலைக்காட்சியில் பார்க்கிறவர் கண்ணுக்கும் பிடிபடும் என்பதற்காக. அண்ணாச்சியோ இன்னும் 21-லேயே இருக்கிறார். பழைய பாடப்புத்தகத்தை விட மனமில்லாத நம்மில் சிலரைப் போல. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கணக்கு வாத்தியார் அல்லவா, மேசையை அளந்து பார்த்தேன். நீளம் 2.74 மீட்டர், அகலம் 152.5 சென்டிமீட்டர், தரையிலிருந்து உயரம் 76. வலையின் உயரம் 15.25. அகலத்தில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு! தசமப் புள்ளியை ஓர் இடம் நகர்த்தினால் போதும். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். வடிவியல் பெட்டியில் இருக்கிற சின்ன அளவுகோலை நிறுத்தினால் ஏறக்குறைய வலை உயரம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சர்வீஸ்.

சர்வீஸ் போடும்போது பந்தை விரித்த உள்ளங்கையில் வைத்திருக்க வேண்டும். விரலால் பிடிக்கக் கூடாது. மேசையின் கடைக்கோட்டுக்குப் பின்னால், மேசை மட்டத்துக்கு மேல் கை இருக்க வேண்டும். அங்கிருந்து பந்தைக் குறைந்தது 16 சென்டிமீட்டர் நேராக மேலே தூக்கிப் போட்டு, அது இறங்கும்போது அடிக்க வேண்டும். வலை உயரத்தைவிடச் சற்றுக் கூடுதல் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். பந்தை உடம்பாலோ கையாலோ எதிராளிக்கு மறைக்கக் கூடாது. இதை நான் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. கற்றுக்கொண்டதும் என்ன செய்தேன் தெரியுமா? நம் தொழில் குணம், தப்புக் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன்.

அந்தப் பையனுக்குப் பிறந்ததிலிருந்தே இடது கை பலவீனம். விரல்கள் மடங்கியே இருக்கும். மூடிய கையின் மேல், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள குழியில் பந்தை வைப்பான். அப்படியே தூக்கிப் போட்டு அடிப்பான். எனக்கு எதிராக ஒன்பதுக்கு இரண்டில் இருந்தான். நான் கையை உயர்த்தி, "உள்ளங்கை விரிஞ்சிருக்கணும்ல? இது தப்பு சர்வீஸ்தானே?" என்றேன். விதி தெரிந்த பெருமை. சொல்லி முடித்த பிறகுதான் அவன் கையைப் பார்த்தேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மட்டும், "ஆமா சார்" என்று பந்தை என் பக்கம் உருட்டிவிட்டான். புள்ளி எனக்கு என்று அர்த்தம்.

அண்ணாச்சி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். பல போட்டிகளுக்கு நடுவராக இருந்தவர். கோபப்படவில்லை. "சார், அந்த விதிக்குக் கீழேயே இன்னொரு விதி இருக்கு. உடல் குறையால ஒருத்தர் அப்படிப் போட முடியலைன்னு நடுவருக்குத் தெரிஞ்சா, அந்த நிபந்தனையைத் தளர்த்தலாம். பன்னாட்டு விதிப் புத்தகத்திலயே இருக்கு" என்றார். பிறகு, "உள்ளங்கையை ஏன் விரிக்கச் சொன்னாங்க தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

1930-களில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் சிலர் பந்தை விரல்களால் திருகிச் சுழலவிட்டு சர்வீஸ் போட்டார்கள். எதிரில் நிற்பவரால் எடுக்கவே முடியவில்லை. பாதி ஆட்டம் சர்வீஸிலேயே முடிந்தது. அதைத் தடுக்கத்தான் விரித்த உள்ளங்கை. பந்தை மறைக்கக் கூடாது என்பதும் அதே காரணத்தால் 2002-இல் கடுமையாக்கப்பட்டது. எதிராளி பந்தைப் பார்க்க வேண்டும், எடுக்க ஒரு வாய்ப்பு வேண்டும். விதியின் வேலை அவ்வளவுதான். இந்தப் பையன் பந்தைத் திருகவில்லை, மறைக்கவில்லை, பதினாறு சென்டிமீட்டருக்கு மேலேயே தூக்குகிறான். எகிப்து நாட்டு இப்ராகிம் ஹமாதூவைப் பற்றியும் அண்ணாச்சிதான் சொன்னார். சிறுவயதில் ரயில் விபத்தில் இரண்டு கைகளையும் இழந்தவர். மட்டையை வாயில் கவ்வி, பந்தைக் கால் விரல்களால் தூக்கிப் போட்டு ஆடுகிறார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் ஆடினார்.

புள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். பதினொன்றுக்கு இரண்டு. அந்தத் தோல்விதான் இது.

வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. மேசையில் திருத்த வேண்டிய தேர்வுத்தாள் கட்டு இருந்தது. செய்முறை வடிவியல், சரிவகம் வரைதல். அவன் தாளை எடுத்துப் பார்த்தேன். கோடுகள் வளைந்திருந்தன. அடிப்பக்கம் 7 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது 6.4 இருந்தது. போன வருடத்திலிருந்தே இப்படித்தான். "கவனமின்மை" என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்து வந்திருக்கிறேன். கோடு போட இரண்டு கை வேண்டும், நண்பர்களே. ஒரு கை அளவுகோலை அழுத்திப் பிடிக்க, இன்னொன்று பென்சிலுக்கு. நாற்பது பிள்ளைகள் முன்னால் தினமும் நிற்கிறேன். இது என் கண்ணில் படவில்லை.

பொதுத்தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுதுபவர் உண்டு. படிவம் நிரப்பி அனுப்பியிருக்கிறோம். அது பத்தாம் வகுப்புச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு, எட்டாம் வகுப்பில் நான் பாட்டுக்குத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காய்கறிக் கடையில் ஒரு அரைக்கிலோ எடைக்கல் இரவல் வாங்கினேன். தாளைத் தேர்வு அட்டையில் இரண்டு பக்கமும் கிளிப் போட்டு, அளவுகோல் மேல் எடைக்கல்லை வைத்து வரையச் சொன்னேன். முதல் கோடு நேராக வந்தது. இரண்டாவதில் கல் நகர்ந்துவிட்டது. "அளவுகோலுக்கு அடியில சைக்கிள் டியூப் துண்டு ஒட்டினா வழுக்காது சார்" என்று அவனே சொன்னான். ஒட்டினோம். அன்றைக்கு அவன் வரைந்த சரிவகத்தில் பிழை ஒரு மில்லிமீட்டர்.

உடனே ஒரு பையன் கேட்டான், "அவனுக்கு மட்டும் எடைக்கல்லா சார்?" நியாயமான கேள்விதான். எல்லோரும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஏழு சென்டிமீட்டர் கோடு ஒன்று வரையச் சொன்னேன். ஒரு பெண் அளவுகோலை முழங்கையால் அழுத்தினாள். ஒருவன் தாடையால் அழுத்தினான். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். அதன் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாரல் காலத்தில் மைதானம் நனைந்து கிடக்கும். உடற்கல்வி ஆசிரியர், "நீங்க எடுத்துக்கிறீங்களா சார்?" என்பார். நான் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வேன். இப்போது அந்தப் பாடவேளையில் வராந்தாவில் நான்கு மேசைகளைச் சேர்த்துப் போடுகிறோம். நடுவில் செங்கல் மேல் செங்கல் வைத்து ஒரு பலகை. அதுதான் வலை. மட்டை ஒட்டுப்பலகையில் அறுத்தது. மேசைகள் சேருகிற இடத்தில் பந்து பட்டால் எங்கே போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதற்கென்று தனி விதி ஒன்றைப் பிள்ளைகளே வைத்துக்கொண்டார்கள்: அங்கே பட்டால் லெட். ஸ்கோர் சொல்வது அவன்தான். மூன்றாவது வரிசைக்குக் கேட்காத குரல் இப்போது தலைமையாசிரியர் அறை வரை கேட்கிறது. ஒருமுறை சத்தம் என்று புகாரும் வந்தது.

கிட்டங்கிச் சுவரில் சரத் கமல் படம் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். சென்னைக்காரர். 2006-இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றவர், பதினாறு ஆண்டு கழித்து 2022-இல் பர்மிங்காமில், நாற்பது வயதில், மறுபடி அதே தங்கத்தை வென்றார். அந்தப் படத்தைக் காட்டித்தான் என் வயதைச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். "அவர் நாலு வயசுல ஆரம்பிச்சாராம் சார்" என்று ஒரு கல்லூரிப் பையன் காதைக் கடித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை 11–8. கடைசிப் புள்ளியில் தகராறு. நான் அடித்த பந்து அவன் பக்கத்து மேசை விளிம்பில் பட்டது, விளிம்பு என்றால் மேசையில் பட்ட கணக்கு, புள்ளி எனக்கு என்றேன். "இல்ல சார், பக்கவாட்டுல பட்டுச்சு. அது வெளியே" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் வழக்கம்போல இரண்டு கட்சி ஆனார்கள். யோசித்துப் பார்த்தேன். விளிம்பின் மேல் பட்டிருந்தால் பந்து கொஞ்சமாவது மேலே எழும்பியிருக்கும். இது பட்டதும் நேராகத் தரைக்குத்தான் போனது. அவன் சொன்னதுதான் சரி.