கையெழுத்துக்கு அடுத்த படி

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஊர்களில் நடக்கும் எழுத்தறிவு மையங்களில் படித்த உறுப்பினர்கள் பலர் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வு இது. படித்தல் 50, எழுதுதல் 50, கணக்கு 50 என்று மொத்தம் 150 மதிப்பெண். பேரன் பேத்தி எடுத்தவர்களும் எழுதினார்கள். எல்லோருக்கும் கைதட்டினோம், இனிப்புக் கொடுத்தோம்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு அக்கா கேட்டார்: "படிச்சாச்சு, சர்டிபிகேட்டும் வாங்கியாச்சு. நாளைக்கும் களை வெட்டத்தானே போகப் போறேன்?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அங்கே எழுத்து கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்களும், கல் குவாரியில் கல் உடைத்தவர்களும் சைக்கிளில் ஏறினார்கள். சிலேட்டோடு சைக்கிளும் சேர்ந்ததால் வேலைக்குப் போக, சந்தைக்குப் போக, தண்ணீர் கொண்டு வர யாரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. படிப்புக்கும் பிழைப்புக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். அவர்களுக்கு அது சைக்கிள். நமக்கு எது?

இதில் நாங்கள் செய்த தவறை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எழுத்தறிவு மையத்தில் படித்த ஐந்து பேரை ஒரு பனியன் கம்பெனிக்கு செக்கிங், பேக்கிங் வேலைக்கு அனுப்பினோம். ஒரே மாதத்தில் மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள். "வேலை வாங்கிக் கொடுத்தும் இருக்க மாட்டேங்கிறாங்களே" என்று நாங்களும் குறைபட்டுக்கொண்டோம். பிறகுதான் அவர்களை உட்கார வைத்துக் கேட்டோம்.

ஒருவர் சொன்னார்: "சம்பளத்துல ஆயிரத்துக்கு மேல பிடிச்சுட்டாங்க. ஏமாத்துறாங்கன்னு நெனச்சு வந்துட்டேன்." பிடித்தது பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம். சம்பளச் சீட்டு அவர் கையிலேயே இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார், ஆனால் பொருள் தெரியவில்லை. இன்னொருவரின் குழந்தைக்குக் காய்ச்சல். யாரிடம் லீவு கேட்பது என்று தெரியாமல் மூன்று நாள் நின்றவர், நான்காம் நாள் போகப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார். மூன்றாமவருக்கு ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பாங்க் புத்தகத்தில் வேறு தேதி. "சரி பண்ணிட்டு வா" என்றார்கள். எங்கே போய்ச் சரி பண்ணுவது?

வேலை கஷ்டமாக இருந்து ஒருவரும் வரவில்லை, சகோதரிகளே. நாங்கள் வேலையைக் காட்டினோம். வழியைக் காட்டவில்லை. அதன் பிறகு நான்கு காரியங்களை ஆரம்பித்தோம். இவை எல்லாக் குழுக்களிலும் செய்யக் கூடியவை.

முதலாவது, வேலைக் காகிதங்களையே பாடமாக்குவது. மையத்தில் 'அம்மா, ஆடு' படித்து முடித்ததும் நியமனக் கடிதம், வருகை அட்டை, லீவு லெட்டர், சம்பளச் சீட்டு இவற்றைப் படிக்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி வேலைக்குச் சேருகிறவருக்கு நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படிக்கத் தெரிய வேண்டும்.

கணக்கையும் இப்படியே போடுகிறோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேறு படி எதுவும் இல்லை. பி.எஃப். 100 ரூபாய்க்கு 12 ரூபாய், ஆக 1,200. இ.எஸ்.ஐ. 100 ரூபாய்க்கு முக்கால் ரூபாய், ஆக 75. இரண்டும் போகக் கைக்கு வருவது 8,725. பிடித்த பணம் காணாமல் போவதில்லை. கம்பெனியும் தன் பங்கைக் கட்ட வேண்டும். பி.எஃப்.க்கு 12 இலக்க எண்ணும், இ.எஸ்.ஐ.க்கு 10 இலக்க எண்ணும் உண்டு. பிடித்தம் செய்துவிட்டு எண் கொடுக்காவிட்டால், "என் நம்பர் என்ன?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான் படிப்பு.

இரண்டாவது, வேலை தேடும் முன்பே காகிதங்களைச் சரிபார்ப்பது. ஆதார், பாங்க் புத்தகம், ரேஷன் கார்டு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று உறுப்பினரே வாசித்துப் பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் குழுவில் ஒருவர் கூடப் போய்த் திருத்தி வரட்டும். பின்னால் பி.எஃப். பணம் எடுக்கும்போது வரும் அலைச்சல் இதனால் குறையும்.

மூன்றாவது, சேருவதற்கு முன் ஒரு நாள் போய்ப் பார்ப்பது. பஸ் எத்தனை மணிக்கு, ஷிப்ட் முடிந்தால் வேன் உண்டா, கழிப்பறை எப்படி இருக்கிறது, சூப்பர்வைசர் யார், பிள்ளையை யார் பார்ப்பது? வீட்டுக்காரரோ மாமியாரோ கூட வந்தால் இன்னும் நல்லது. பார்த்த இடத்துக்கு அனுப்ப வீட்டில் தயக்கம் குறையும்.

நான்காவது, முதல் மூன்று மாதம் கைவிடாமல் இருப்பது. வாரக் கூட்டத்தில் சேமிப்பை எண்ணுகிறோம், கடன் தவணையைக் கேட்கிறோம். அதோடு "வேலை எப்படிம்மா போகுது?" என்று ஒரு வார்த்தை கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதினால் போதும். அந்த மூன்று பேரில் இரண்டு பேர் இப்படித்தான் மறுபடி வேலைக்குப் போனார்கள்.

எல்லோரும் கம்பெனிக்குப் போக முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். உள்ளூரிலும் வேலை இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். ஆனால் பல வேலைகளுக்கு எட்டாவது, பத்தாவது என்று கேட்கிறார்கள். எழுத்தறிவுச் சான்றிதழை மட்டும் காட்டி அதில் நுழைய முடியாது. இதை மறைத்து ஆசை காட்டுவது பாவம். வழியும் உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். ஒரு வருடம் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். மகள் எட்டாவது படிக்கிற வீட்டில் அம்மாவும் பக்கத்தில் உட்காரலாமே!

கடைசியாக ஒன்று. கேட்டால் சிலருக்குக் கசக்கும். நம் குழுக்களில் வரவு செலவு நோட்டை யார் எழுதுகிறார்கள்? பல குழுக்களில் ஊக்குநரோ பிரதிநிதியோதான் பத்து வருடமாக எழுதுகிறார்கள். "அவ எழுதினா தப்பு வரும்" என்கிறோம். நம் நோட்டையே நம்பிக் கொடுக்காத நாம், வெளியில் ஒரு முதலாளி அவளை நம்பி வேலை கொடுக்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது? தப்பு வரட்டும். அடித்துத் திருத்தி எழுதட்டும். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கட்டும். ஆறு மாதம் நோட்டு எழுதிய பெண், "எனக்குக் கணக்கு எழுதத் தெரியும்" என்று எங்கே போனாலும் தைரியமாகச் சொல்லுவாள்.

களை வெட்டுவது கேவலமான வேலை இல்லை. நம்மில் பாதிப் பேர் அதில்தான் பிள்ளைகளை வளர்த்தோம். ஆனால் அது ஒன்றுதான் வழி என்ற நிலை மாற வேண்டும். கேள்வி கேட்ட அக்கா இப்போது தன் குழுவின் சேமிப்பு நோட்டை எழுதுகிறார். எட்டாவது பரீட்சைக்கும் படிக்கிறார். அவர் கேள்விக்கு முழுப் பதிலை நாங்கள் இன்னும் கொடுத்துவிடவில்லை. பாதி வழி கூட வந்திருக்கிறோம்.

அடுத்த வாரக் கூட்டத்தில் உங்கள் குழுவில் புதிதாகப் படித்த ஒருவரிடம் நோட்டையும் பேனாவையும் கொடுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.