உப்பும் அயடீனும்



நம் தேகத்தைப் பேணும் விற்றமின்களும் கனியுப்புக்களும் பலவாயினும், எழுபது ஆண்டு வாழ்ந்த ஒருவர் தம் ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய அளவு நான்கு கிராமுக்குள் அடங்கிவிடுகின்ற அயடீனைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

கழுத்தின் முன்புறத்தேயுள்ள தைரொயிட்டுச் சுரப்பி, இந்த அற்ப அயடீனைக் கொண்டே தேகத்தின் உஷ்ணத்தையும் இருதயத் துடிப்பையும் வளர்ச்சியையும் நெறிப்படுத்தும் சுரப்புநீரை ஆக்குகின்றது. அயடீன் குறையுமாயின் சுரப்பி பருத்துக் கண்டக்கழலை தோன்றும். அதனினும் கொடியது, கர்ப்பிணியின் உணவில் அது மிகக் குறைந்துவிட்டால் வயிற்றிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சி குன்றுவதும், பிறந்த பின்னர் அக்குறையை முற்றாக ஈடுசெய்ய இயலாது போவதுமாகும்.

கடலும் களப்பும் சூழ்ந்த முந்தலில் வாழும் நமக்கு இக்குறை ஏது என்று சிலர் எண்ணக்கூடும். கடல்மீன் உண்போர்க்கு அயடீன் ஓரளவு கிடைப்பது மெய்யே. ஆனால் நமக்கு வடக்கே பாலாவி உப்பளங்களில் வெயிலும் காற்றும் நீரை வற்றச்செய்ய, பாத்தியின் அடியில் உப்பு வெண்மணிகளாய்ப் படிகின்ற வேளையில், கடல்நீரில் இருந்த சொற்ப அயடீனின் பெரும்பகுதி மேலே எஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றது. அன்றியும், கடலோரத்ததாகிய களுத்துறைப் பகுதியிலேயே கண்டக்கழலை மிகுந்து காணப்பட்டதும், ஓயாத பெருமழை மண்ணின் அயடீனைக் கரைத்துச் சென்றதே அதற்கு ஒரு காரணமெனக் கருதப்பட்டதும் நாம் சிந்திக்கத் தக்கவை.

சுவிற்சர்லாந்தில் 1922 ஆம் ஆண்டிலேயே கைக்கொள்ளப்பட்ட பரிகாரம், உப்பிலேயே அயடீனைச் சேர்ப்பதாகும். இலங்கையிலும் 1995 ஆம் ஆண்டு முதல் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. கிலோ ஒன்றில் 30 மில்லிகிராம் அயடீன் உள்ள உப்பில் 5 கிராம் எடுத்தால், வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய 150 மைக்கிரோகிராமும் அதிலேயே அமைந்துவிடும். எனவே இதன்பொருட்டு உப்பைக் கூட்டி உண்ண வேண்டியதில்லை.

தாய்மாரே, அடுப்பங்கரையில் மூடியின்றி வைத்த உப்பிலிருந்து அயடீன் நாளடைவில் குறைந்துபோகும். கல்லுப்பைக் கழுவினாலோ நீரோடு அதுவும் கழிந்துவிடும். ஆதலால் அயடீன் கலந்த உப்பையே கேட்டு வாங்கி, ஈரமும் அனலும் படாத இடத்தில் இறுக மூடி வைத்து, கறி வெந்து இறக்குந் தறுவாயில் இடுங்கள். பிறக்கப்போகும் பிள்ளையின் அறிவைக் காக்கும் இக்கடமை, அதிக செலவின்றி ஒவ்வோர் இல்லத்தாராலும் நிறைவேற்றத் தக்கதேயாகும்.