மிச்சம் வந்தால்தானே மிச்சப்படுத்த?

(தோட்ட மாதர் பிரிவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மாரே, சகோதரிகளே, மலையில் இருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தோழர்களே!

மாசி மாதப் போயா விடுமுறையோடு சேர்த்து நம் மாதர் பிரிவில் இருந்து பதினொரு பேர் வேலணைக்குப் போய் மூன்று நாள் தங்கி வந்தோம். அங்கே பார்த்ததையும் கற்றதையும் சொல்லவே இன்று பேசுகிறோம். பஸ்ஸில் போகும்போது, "வீட்டுச் செலவைச் சுருக்குவது பற்றியும் பேசுவோம்" என்று நாங்கள் சொன்னதும் ஒரு அக்கா கேட்டார்: "டீச்சர், எங்க வீட்டுல மிச்சம் வந்தாத்தானே மிச்சப்படுத்த?"

பஸ்ஸே சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி சிரித்து விட்டுவிடக் கூடியதல்ல. இந்தப் பேச்சு முழுவதும் அந்த அக்காவுக்குச் சொல்லும் பதில்தான்.

வேலணை யாழ்ப்பாணத்தை அடுத்த தீவு. பண்ணைப் பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். நம் மலையைப் போல அங்கே ஓடையும் ஊற்றும் கிடையாது. பல கிணறுகளில் உவர்த் தண்ணீர். மழை ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வந்து போய்விடும். மிச்ச மாதங்கள் வெயில்தான். அந்த மண்ணில் கேட்காமல் வளர்வது பனை. ஆகவே அந்த ஊர் பனையை வைத்துத்தான் சிக்கனம் படித்திருக்கிறது.

நாங்கள் போனது பனங்கிழங்கு கிண்டும் காலம். தங்கியிருந்த வீட்டு அம்மா பாத்தியைக் கிண்டிக் கிழங்கை எடுத்தார். கிழங்கு போன பனங்கொட்டையை நம் பிள்ளை ஒருத்தி தூர எறியப் போனாள். "எறியாதேங்கோ பிள்ளை, அதுக்குள்ளதான் பூரான் கிடக்கு" என்று சொல்லி, கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி, உள்ளே இருந்த வெள்ளைப் பூரானை எடுத்துக் கையில் கொடுத்தார். தின்று முடித்து ஓட்டை எறியப் போனோம். "அதையும் எறியாதேங்கோ" என்றார். காய்ந்த அந்த ஓட்டுக்கு அங்கே ஊமல் என்று பெயர். அது அடுப்புக்குப் போகிறது.

கணக்குப் பாருங்கள். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழுகிறது. அதன் களியைப் பிழிந்து பணியாரம் சுடுகிறார்கள். மிச்சக் களியைப் பாயில் பரவி வெயிலில் காயவிட்டுப் பனாட்டு ஆக்குகிறார்கள். பிழிந்த கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் சில மாதத்தில் கிழங்கு. கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்தால் மா, அந்த மாவில் பிட்டு, கூழ். ஓலையில் வேலி, பாய், பெட்டி. உக்கின ஓலை தோட்டத்துக்குப் பசளை. ஒரு பழத்தில் இருந்து ஒரு குடும்பத்துக்கு ஆறேழு பொருள்.

இரவு ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். ஒடியல் மாவில் ஒரு கயர்ப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கூழுக்குள் போனவை என்ன தெரியுமா? தனிக் கறிக்குக் காணாத நாலு சின்ன நண்டு, ஒரு பிடி இறால், மீன் தலை, பத்துப் பதினைந்து பலாக்கொட்டை, ஒரு துண்டு மரவள்ளி, நாலு பயற்றங்காய், ஒரு பிடி முருங்கை இலை. ஒவ்வொன்றும் தனியாக ஒரு வீட்டுக்குப் போதாது. எல்லாம் சேர்ந்து பதினைந்து பேர் வயிறு நிறையக் குடித்தோம். பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கொடுத்தார்கள், அதுதான் கரண்டி. குடித்து முடிந்ததும் அந்த இலை ஆட்டுக்குப் போனது.

அந்த அம்மாவிடம் இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டோம். "படிக்கேல்லை, படவேண்டி வந்தது" என்றார். 1990 ஆகஸ்டில் போர் தீவுக்குள் வந்தபோது வேலணைச் சனம் வீடு வாசலை விட்டு யாழ்ப்பாணப் பக்கம் இடம்பெயர்ந்தது. அந்த வருடங்களில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, உரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெயில் திரி எரியவிட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள்.

நமக்கும் அப்படி ஒரு பாடம் உண்டு. 1973, 1974இல் பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்தபோது தோட்டங்களில் பட்டினியால் சனம் செத்ததை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2022ஐ நாமே பார்த்தோம். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை முந்தின ஆண்டு செப்டெம்பரை விட 94.9 வீதம் ஏறியிருந்தது. 100 ரூபாவுக்கு வாங்கியது கிட்டத்தட்ட 195 ரூபா. நமது நாட்சம்பளமோ 2021இல் வர்த்தமானியில் வந்த அதே 1,000 ரூபா. அது 1,350 ஆவதற்கு 2024 வரை போராட வேண்டியிருந்தது.

2022இல் நம் வகுப்பில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர் ஒரு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, ஆளுக்குப் பாதி கொண்டு வருவார்கள். ஒரு நாள் அவர்கள் அம்மாவிடம், "நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டோம். "தேத்தண்ணி குடிச்சேன் டீச்சர்" என்றார். அந்தத் தேத்தண்ணியோடுதான் அவர் மலை ஏறிக் கொழுந்து எடுத்தார்.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தாய் தன் வயிற்றைக் குறைப்பது சிக்கனம் அல்ல. அதற்குப் பெயர் பட்டினி. நம் வீடுகளில் இதுவரை நடந்த சிக்கனத்தில் பெரும்பகுதி அதுதான். சட்டியில் கடைசியாகக் கை வைப்பது அம்மா. கறி முடிந்திருந்தால் வெறும் சோறு. இந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்காகத்தான் மற்ற இடங்களில் மிச்சம் பிடிக்கச் சொல்கிறோம்.

சரி, மிச்சம் எங்கே இருக்கிறது? வேலணையில் இருந்து திரும்பியதும் லயத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தோம். ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் உலகத்தில் 105 கோடி தொன் உணவு வீணானது. அதில் 60 வீதம் வீடுகளில். நம் லயத்துக் காம்பராக்களில் சோறு கொட்டுவது குறைவுதான். ஆனால் வேறு சிலது போகிறது.

ஒன்று, இலை. கரட், பீட்ரூட், ராபு, நோக்கோல் எல்லாவற்றின் இலையையும் வெட்டி எறிகிறோம். பிறகு கடையில் கீரை வாங்குகிறோம். ராபு இலையும் பீட்ரூட் இலையும் நல்ல கீரை. நோக்கோல் இலையைச் சிறிதாக அரிந்து தேங்காய்ப்பூவோடு சுண்டலாம். சௌசௌக் கொடியின் நுனிக் கொழுந்தையும் சமைக்கலாம். தோட்டத்துக்கு மருந்து அடித்த மரக்கறி என்றால் இலையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். மருந்து அடித்த தேயிலை மலைக்குள் கீரை பறிக்க வேண்டாம்.

இரண்டு, சோறு வடித்த கஞ்சி. கானுக்குள் ஊற்றுகிறோம். உப்பும் ஒரு பிடி சோறும் போட்டால் மலையில் இருந்து வருபவருக்குக் குடிக்க ஒன்று. கீரைக் கறிக்குத் தண்ணீருக்குப் பதிலாகவும் ஊற்றலாம்.

மூன்று, நேற்றைய ரொட்டி. காய்ந்த ரொட்டியைச் சிறிதாக வெட்டி, வெங்காயம், கறிவேப்பிலை, இருக்கிற இலையோடு தாளித்தால் பிள்ளைகள் கொத்து என்று ஓடி வருவார்கள். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையை எறியாமல் ரொட்டி மாவில் பிசையுங்கள்.

நான்கு, விறகு. கடலையை இரவே ஊறப்போட்டால் காலையில் வேகும் நேரம் நன்றாகக் குறையும். சட்டியை மூடிச் சமைத்தால் மிளாறு மிச்சம். சமையல் முடிந்த தணலை அணைக்காமல் அதன் மேல் ஒரு பானை தண்ணீர் வைத்தால் பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர்.

ஐந்து, சின்னப் பக்கெட்டுகள். தேயிலை, மிளகாய்த்தூள், ஷாம்பு எல்லாம் சின்னப் பக்கெட்டில் தினம் வாங்குகிறோம். கையில் காசு இல்லாததால்தான் அப்படி வாங்குகிறோம் என்பது தெரியும். ஆனால் கிராம் கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரிய பக்கெட்டுக்காரரை விட நாம்தான் கூட விலை கொடுக்கிறோம். ஐந்து வீடு சேர்ந்து சீட்டுப் போல காசு போட்டு, ஒரு பெரிய பொதி வாங்கிப் பங்கிட்டால் அந்த வித்தியாசம் வீட்டுக்கு வரும். குப்பையும் குறையும்.

வேலணைக் கூழை நம் மலையிலும் காய்ச்சலாம். ஐந்து பேருக்குச் சொல்கிறோம். பத்துக் கப் தண்ணீரில் அரைக் கப் அரிசியையும் இருக்கிற பலாக்கொட்டையையும் வேகவிடுங்கள். பிறகு போஞ்சி, தோல் நீக்கித் தனியாக அவித்துத் தண்ணீர் வடித்த மரவள்ளி, கழுவிய கருவாடு அல்லது நெத்தலி போடுங்கள். செத்தல் மிளகாய், மஞ்சள், பூடு அரைத்துச் சேருங்கள். ஒடியல் மாவுக்குப் பதிலாக ஒரு கப் குரக்கன் மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிக் கிண்டுங்கள். கடைசியில் புளியும் ஒரு பிடி கீரையும். கருவாட்டில் உப்பு இருப்பதால் உப்பைப் பார்த்துப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. புளித்துப்போன தேங்காய்ப்பால் கறி, பச்சை பிடித்த உருளைக்கிழங்கு, பூஞ்சணம் பிடித்த பாண், இவற்றை எறிந்துவிடுங்கள். பூஞ்சணத்தைக் கிள்ளிவிட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். மிஞ்சின சோற்றைச் சூட்டோடு மூடி வைக்காமல் சீக்கிரம் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். பழுதானதைச் சாப்பிட்டால் மிச்சம் பிடித்த காசு டிஸ்பென்சரிக்குப் போகும்.

இனிக் குப்பை. தோலும் தேயிலைச் சக்கையும் பழைய உர பேக்கில் மண்ணோடு மாறி மாறிப் போட்டால் சில மாதத்தில் பசளை. லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் கொட்ட வேண்டாம். கானுக்குள்ளும் போட வேண்டாம். கான் அடைத்தால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், மண் இறங்கினால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பொலித்தீனை அடுப்பில் எரிக்காதீர்கள். அந்தப் புகை முதலில் போவது அடுப்படியில் நிற்பவர் நெஞ்சுக்குள்.

வேலணையிலும் எல்லாம் சரி என்று சொல்லவில்லை. சாட்டிக் கடற்கரையில் பிளாஸ்டிக் போத்தல் ஒதுங்கிக் கிடந்ததையும் பார்த்தோம். பனங்கொட்டையை முழுவதும் பயன்படுத்துகிற ஊருக்குக்கூடப் போத்தலை என்ன செய்வது என்று தெரியவில்லை. அது வீட்டுக்காரரால் மட்டும் தீராத பிரச்சினை. அதற்குப் பொது ஏற்பாடு வேண்டும். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியுமா? செத்தவர்கள் பக்கத்தில் குடியிருந்த ஏழைச் சனம்.

இங்கேதான் சங்கத்தின் வேலை வருகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டித் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று நம்மைத் திருப்பி அனுப்பிய காலம் இருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இப்போது அந்தச் சாட்டு செல்லாது. நாமும் வாக்குப் போடுகிறோம். குப்பை லொறி டவுனுக்கு வருகிறது என்றால் லயத்துச் சந்திக்கும் வர வேண்டும்.

இன்னொன்று. "தோட்டத்து ஆட்களுக்குச் செலவு செய்யத் தெரியாது, சிக்கனம் தெரிந்தால் இந்தச் சம்பளம் போதும்" என்று யாராவது சொன்னால், இந்தப் பேச்சைக் காட்டிச் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். ராபு இலையில் வரும் மிச்சம் நம் பிள்ளையின் தட்டுக்கு. சம்பள நிலுவைக்கு அது கழிவு அல்ல. கூழும் காய்ச்சுவோம், கூலியும் கேட்போம்.

ஆகவே இன்று மூன்று காரியத்துக்குக் கை தூக்கச் சொல்கிறோம். முதலாவது, ஒவ்வொரு லயத்திலும் ஐந்து வீடாகச் சேர்ந்து அடுத்த சம்பளத்தில் இருந்து பொதி வாங்குவது. இரண்டாவது, சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவது. ஒரு பிடி 40 கிராம் என்றால் 30 நாளில் ஒரு கிலோ 200 கிராம். பேர் குறைந்த மாதத்தில், பிள்ளைப்பேற்று வீட்டில், சுகமில்லாத வீட்டில் அதை எடுத்துக் கொடுப்போம். முடியாத வீடு போட வேண்டாம். வாங்குவதில் வெட்கமும் வேண்டாம். மூன்றாவது, குப்பை லொறி கேட்டுப் பிரதேச சபைக்குக் கொடுக்கும் மனுவில் இன்றே கையெழுத்து வைப்பது. மனு வாசலில் மேசையில் இருக்கிறது.

பஸ்ஸில் கேள்வி கேட்ட அக்கா முன் வரிசையில்தான் இருக்கிறார். வேலணை அம்மா கொடுத்த ஐந்து பனங்கொட்டையில் இரண்டை அவர் தன் காம்பராவுக்கு முன்னால் புதைத்து வைத்திருக்கிறார். இந்தக் குளிரில் கிழங்கு வருமா என்று தெரியாது. முளைத்தால் அடுத்த கூட்டத்தில் வெட்டிப் பூரான் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மனுவில் கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள். இன்று இரவு சட்டியில் அம்மாவுக்கும் ஒரு பங்கு கறி எடுத்து வையுங்கள்.