மலைப் பாட்டும் பியானோவும்

மாசி மாதத்து இரவுகளில் அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் தப்பொலி மலைக்கு மலை எதிரொலிக்கும். காமன் கூத்து நடக்கிறதென்று அதற்குப் பொருள். மன்மதன் எரிந்த கதையை விடிய விடியப் பாடி ஆடும் மக்களுக்கு அது வழிபாடு, கலை, விளையாட்டு மூன்றுமாகும். அவற்றைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. கற்றவர் சிலரோ அதனைக் கேட்டுவிட்டு, இதுவும் ஒரு சங்கீதமோ என்று வினவுவதுண்டு. நேயர்களே, ஏறக்குறைய இதே வினாவை 1865ஆம் ஆண்டில், ஐரோப்பாவின் கொப்பன்ஹேகன் நகரிலே, இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் எதிர்கொள்ள நேர்ந்தது.

எட்வார்ட் கிறீக் என்பது அவர் பெயர். நோர்வே நாட்டின் பேர்கன் துறைமுகத்தில் 1843இல் பிறந்தவர். அவருடைய பூட்டனார் ஸ்கொட்லாந்திலிருந்து சென்று அங்கே குடியேறியவர். நம் மலைநாட்டில் தேயிலை பயிரிட்ட துரைமாருள் பலரும் ஸ்கொட்லாந்துக்காரரே என்பதை ஒரு வேடிக்கையாக இங்கே நினைத்துக் கொள்ளலாம். கிறீக் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து இசைக்கல்லூரியில் முறையாகப் பயின்றவர். ஆயினும் தம் நாட்டுக் குடியானவரின் இசையை அவர் நாடியது, ரிக்கார்ட் நூர்ட்ராக் என்னும் நண்பரின் தூண்டுதலால். அந்த உற்சாகத்தில் பியானோவுக்கென நான்கு சிறு உருப்படிகளை எழுதி, ‘ஹியூமொரெஸ்க்’ எனப் பெயரிட்டு, அந்நண்பருக்கே காணிக்கையாக்கினார். வேடிக்கையும் மனத்தின் துள்ளலும் கலந்த உருப்படி என்பது அப்பெயரின் கருத்து.

டென்மார்க்கின் இசைத்துறையில் அன்று தலைமை பெற்றிருந்த நீல்ஸ் காடே அத்தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதுதான் நோர்வே இசையென்பதோ எனக் கேட்டாராம். ஆம் ஐயா, அதுவேதான் என்றாராம் கிறீக். காடே தூண்டியதன்பேரில் கிறீக் ஒரு பெரிய சிம்பொனியும் எழுதியிருந்தார். பின்னர் அதனை எவரும் வாசிக்கலாகாதெனத் தாமே தடுத்துவிட்டார். சிறு வேடிக்கைகளை மாத்திரம் அவர் கைவிடவில்லை.

மூத்தவருக்கு அவற்றில் உறுத்தியது யாது? நோர்வே மலைக்கிராமங்களில் ஹார்டாங்கர் பிடில் என்றொரு வாத்தியம் உண்டு. வில்லால் வாசிக்கும் நான்கு தந்திகளின் கீழே, வில் தீண்டாத வேறு நான்கைந்து தந்திகள் இருக்கும். மேல்தந்தி ஒலிக்கையில் இவை தாமே அதிர்ந்து ரீங்கரிக்கும். அந்த ரீங்காரத்தைக் கிறீக் பியானோவின் இடக்கையில் அமைத்தார். சட்சமும் பஞ்சமமும் சேர்ந்து, தம்புரா மீட்டினாற்போல விடாது நிற்க, வலக்கை அதன்மேல் கூத்தாடும். சுத்த மத்திமத்தை எதிர்பார்க்கும் இடத்தில் பிரதி மத்திமம் எட்டிப் பார்க்கும். கல்யாணி கேட்டுப் பழகிய செவிக்கு இதில் வியப்பில்லை. லைப்சிக் பாடம் படித்த செவிக்கோ அது பிழையாகப் பட்டிருக்கும். முதல் உருப்படி பெயரளவில் வால்ஸ் நடனம். அதன் நடையிலோ குடியானவரின் காலடி கேட்கும். நான்காவதை விரைந்து, கேலியாக வாசிக்க வேண்டுமென்றே குறித்திருக்கிறார்.

அவருக்கு வாய்ப்பாக அமைந்தது ஒன்றுண்டு. லூட்விக் லிண்டமான் என்பவர் 1853 முதலாக நோர்வே மலை மெட்டுக்களைச் சுரக்குறிப்போடு அச்சிட்டு வந்தார். 1870இல் கிறீக் இருபத்தைந்து நாட்டுப் பாடல்களைப் பியானோவுக்கு அமைத்தபோது அத்தொகுப்பிலிருந்தே எடுத்துக்கொண்டார். 1888இல் கனூட் டாலெ என்னும் முதிய பிடில்காரர், தம்மோடு பழைய மெட்டுக்களும் மறைந்துவிடக் கூடாதேயென்று கிறீக்குக்குக் கடிதம் எழுதினார். காரியம் உடனே நடக்கவில்லை. 1901இல் அவர் மீண்டும் எழுதிய பின்னரே, யோஹான் ஹால்வர்சன் என்ற வயலின் வித்துவான் அவரை எதிரில் இருத்தி, வாசிக்க வாசிக்க 17 மெட்டுக்களைக் குறித்துக்கொண்டார். கிறீக் அவற்றைப் பியானோவுக்கு அமைத்து 1903இல் வெளியிட்டார். பிடிலுக்கான மூலக் குறிப்பும் உடன் வெளிவர வேண்டுமென அவர் வற்புறுத்தினார் என்பது பாராட்டத்தக்கது. பதின்மூன்று ஆண்டுத் தாமதத்தில் கிழவர் உயிரோடிருந்தது நல்லகாலம்.

மலையகத்திலும் ஒரு லிண்டமான் தோன்றவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். ஒருவர் தோன்றினார். மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகிய சி. வி. வேலுப்பிள்ளை, லயங்களிலே வழங்கிய பாடல்களைத் தேடித் திரட்டினார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் தொகுப்பு அவரது உழைப்பின் பயன். அது பெரும்பணி, ஐயமில்லை. ஆயினும் மலையகப் பாடல்களென இதுகாறும் அச்சேறியவை பெரும்பாலும் சொற்களே. மெட்டு அச்சில் ஏறவில்லை. மெட்டில்லாத தெம்மாங்கு கரையில் கிடக்கும் ஓடம் போன்றது. உருவம் தெரியும், ஓட்டம் தெரியாது.

வேறொரு குறையும் உண்டு. மலையகப் பாட்டு என்றதும் ஒப்பாரியையும் துயரத்தையும் மாத்திரம் தேடுவது வழக்கமாகிவிட்டது. துயரம் இல்லாமலில்லை. ஆனால் கொழுந்து கிள்ளும் நிரையிலே பிறந்தது துயரப் பாட்டு ஒன்றேயன்று. கங்காணியின் கோட்டும் குடையும் கேலிக்கு இலக்காயின. கொழுந்து நிறை குறைந்ததென்று அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையும் தப்பவில்லை. மாமன் மகனைச் சீண்டும் பாட்டுக்குக் கணக்கில்லை. காமன் கூத்திலேயே இரு பக்கத்தார் வாதாடும் லாவணியில் நையாண்டி கொடிகட்டிப் பறக்கும். கிறீக்கின் வேடிக்கை உருப்படிகளுக்கு ஈடான சரக்கு இங்கேதான் இருக்கிறது. அது வெளியார் முன்னிலையில் எளிதில் வாய்க்கு வராது. துரையின் காதுக்கும் கங்காணியின் காதுக்கும் எட்டாத மலைச்சரிவுக்கென்றே பிறந்தது அல்லவா!

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது பாட்டுக்களும் அவர்களுடன் கப்பலேறின. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும் கண்டிச்சீமை மெட்டுக்கு உரியவர் இருக்கக்கூடும். இங்கே எஞ்சியோரில் முதிய பெண்களே அவற்றை மிகுதியும் அறிவர்.

ஹால்வர்சனுக்குத் தாளும் பென்சிலும் வேண்டியிருந்தன. இன்று சட்டைப்பையிலுள்ள தொலைபேசியே பாட்டைப் பதிந்து வைக்கும். பதிந்ததைச் சுரப்படுத்தத் தோட்டப்புறப் பாடசாலையின் ஆர்மோனியம் ஒன்று போதும். முதலில் ஒப்பாரியைக் கேட்க வேண்டாம். சிரிப்புப் பாட்டைக் கேட்கலாம். பாட்டிமார் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். சற்றுப் பொறுத்திருந்தால் பாடுவார்கள்.