வெள்ளிக் கண்ணும் கண்ணாடிக் கண்ணும்



ஒளியைப்பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். நாம் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவரல்ல. ஆனால் இந்த விஷயத்துக்குப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு பித்தளைக் கிண்ணமும் ஒரு செம்புத் தண்ணீரும் போதும். இரண்டும் மேஜைமேல் இருக்கின்றன.

முன்வரிசைத் தோழர் ஒருவர் வாருங்கள். கிண்ணத்தின் அடியில் ஒரு ரூபாய்க் காசைப் போடுகிறோம். காசைப் பார்த்தபடியே மெள்ளப் பின்னுக்குப் போங்கள். விளிம்பு காசை மறைத்ததும் நின்றுகொள்ளுங்கள். இப்போது கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றுகிறோம். காசு தெரிகிறதா? தெரிகிறது என்கிறார். காசும் நகரவில்லை, அவரும் நகரவில்லை. இதையே ஒரு சாமியார் முணுமுணுத்துக்கொண்டே செய்திருந்தால், மறைந்த காசை வரவழைத்த மகான் என்று அவர் காலடியில் எத்தனை காசு விழுந்திருக்கும்! நாம் மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் குழந்தை செய்தாலும் காசு தெரியத்தான் செய்யும்.

காரணம் என்ன? கெட்டியான ரோட்டில் போகிற மாட்டுவண்டி சாய்வாக மணலில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் மணலைத் தொட்ட சக்கரம் தாமதப்படுகிறது. மற்றச் சக்கரம் பழைய வேகத்திலேயே ஓடுகிறது. வண்டி தானாகத் திரும்பிவிடுகிறது. மணலைவிட்டு ரோட்டில் ஏறும்போது மறுபக்கம் திரும்புகிறது. ஒளியும் இப்படித்தான். ஆகாயத்தில் வினாடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுவது, தண்ணீரில் அதில் முக்கால் பங்கும், கண்ணாடியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும்தான் ஓடும். வேகம் மாறுகிற இடத்தில் சாய்வாக நுழைந்தால் அதன் வழி திரும்பும். காசிலிருந்து கிளம்பிய ஒளி தண்ணீரைவிட்டு வெளியே வரும்போது இப்படித் திரும்பித்தான், விளிம்பைத் தாண்டித் தோழர் கண்ணுக்கு வந்தது.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் ஒரே சட்டம்தான்: எந்தச் சாய்வில் ஒளி விழுகிறதோ அதே சாய்வில் திரும்பும். அக்கிரகாரத்துக்கு ஒரு சாய்வு, சேரிக்கு ஒரு சாய்வு என்று மனுதர்மம் அதற்குக் கிடையாது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பூமியைச் சுற்றியுள்ள காற்றும் ஒளியைக் கொஞ்சம் வளைக்கிறது. அதனால் காலையில் சூரியனின் அடிவிளிம்பு கிழக்கே தொடுவானத்தில் உட்கார்ந்திருப்பதாக நாம் காணும்போது, உண்மையில் சூரியன் முழுவதும் இன்னும் கீழேதான் இருக்கிறது. நம் ஊர்ப்பக்கத்தில் இந்த வித்தியாசம் இரண்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். ஆற்றில் நின்று கையில் நீரை ஏந்தி "உதயமான பகவானுக்கு" விடுகிறவர்கள், இன்னும் உதயமாகாத பகவானுக்கே விடுகிறார்கள்!

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த கண்ணாடித் துண்டைப் பூதக்கண்ணாடி என்கிறோம். வெயிலில் பிடித்தால் ஒளியை ஒரே புள்ளியில் கூட்டிக் காகிதத்தைக் கொளுத்தும். அப்படிப்பட்ட வில்லை ஒன்று நம் ஒவ்வொருவர் கண்ணுக்குள்ளும் இருக்கிறது. தூரத்தில் பார்க்கும்போது அது தட்டையாகிறது. பக்கத்தில் பார்க்கும்போது தடிக்கிறது. இது கண்ணாடியாலானதல்ல, நெகிழக்கூடியது. வயது ஏற ஏற அது விறைத்துப்போகிறது; நாற்பதுக்குமேல் பக்கத்துப் பொருளுக்குத் தக்கபடி தடிக்க மாட்டாமல் போகிறது. இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம்.

இது பணக்காரனுக்கும் வரும், ஏழைக்கும் வரும். ஆனால் பணக்காரனுக்குப் பத்திரிகை படிப்பது மட்டும்தான் தடைப்படும். நெசவாளிக்கு இழை அறுந்தது தெரியாமல்போய்க் கூலியே அறுந்துபோகும். அவனுக்கு நம் பெரியவர்கள் சொல்லும் வைத்தியம் என்ன? போன ஜன்மத்துப் பாவம், மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து உண்டியலில் போடு என்பதுதான். வெள்ளிக்குள் ஒளி நுழையாதே, தோழர்களே! மேலே பட்டுத் திரும்பிப்போகிற ஒளியால் இவன் கண்ணுக்கு என்ன லாபம்? அம்மன் உண்டியலில் விழுந்த வெள்ளிக் கண்ணால் எந்த நெசவாளியாவது ஊசியில் நூல் கோத்ததுண்டா?

கண்ணுக்குள் இருக்கும் வில்லை தடிக்காவிட்டால், தடித்த வில்லை ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் மாட்டிக்கொள்வதுதான் பரிகாரம். மூக்குக்கண்ணாடி இத்தாலி தேசத்தில் சுமார் 1286ல் தோன்றியது. முதலில் செய்தவன் இன்னான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவனுக்குக் கோயிலுமில்லை, தேருமில்லை.

வில்லையே மங்கிப்போவது வேறு வியாதி, அது கண்புரை. அதற்கு மூக்குக்கண்ணாடி போதாது. மங்கிய வில்லையை அறுத்தெடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள்ளேயே வைக்கும் முறையை லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற வைத்தியர் 1949ல் தொடங்கினார். அந்த வில்லைகளை 1992 முதல் நம் மதுரையிலேயே செய்கிறார்கள். மாரியம்மனிடம் கேட்ட கண் மதுரையில் தொழிற்சாலையில் தயாராகிறது!

தாய்மார்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்களில் நாற்பது தாண்டியவர்கள் நிறையப்பேர் இருக்கிறீர்கள். அரிசியில் கல் பொறுக்குவது, கிழிந்த துணி தைப்பது, குழந்தை காலில் முள் எடுப்பது எல்லாம் நீங்கள்தான். ஆனால் வீட்டில் கண்ணாடி யார் மூக்கில் இருக்கிறது? பொம்பளைக்குக் கண்ணாடி எதற்கு, அவள் என்ன ஆபீசுக்கா போகிறாள் என்று கேட்கிற ஆண்பிள்ளைகள் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறார்கள். சோற்றில் கல் கடிபட்டதும் அவள்மீது பாய்கிறவர்களும் அவர்களே.

கிண்ணமும் காசும் இங்கேயே இருக்கும். பார்க்க விரும்பும் தாய்மார்கள் முதலில் வரலாம். ஆண்கள் சற்றுப் பொறுத்திருக்கட்டும்.