உப்புநீர் மீன் தொட்டியில் வெண்புள்ளி நோய்

(வானொலி உரை)



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் பல இன்று மனைக்கட்டாகவும் தொழிற்சாலையாகவும் மாறிவிட்டது. மிச்சம் இருக்கிற கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, கப்பி, மோலி, பொன்மீன் என்று வண்ண மீன் வளர்த்துக் கொளத்தூர்ச் சந்தைக்குக் கொடுக்கிற குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அவை எல்லாம் நல்ல தண்ணீர் மீன்கள். இப்போது சிலர் ஒருபடி மேலே போய், கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பிக் கோமாளி மீன், டாம்சல், சர்ஜன் மீன் போன்ற கடல் மீன்களையும் வளர்க்கிறார்கள். கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கிற முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் கற்றுக் கொடுத்த பிறகு, இதில் ஆசை கூடியிருக்கிறது. ஆசை நல்லதுதான். ஆனால் ஒரு கடல் மீனின் விலையில் ஒரு கூடை கப்பி வாங்கிவிடலாம். அப்படிப்பட்ட மீன் ஒரே வாரத்தில் தொட்டியோடு செத்து மிதந்தால் அந்த வீடு என்ன ஆகும்? அதனால் இன்றைக்கு வெண்புள்ளி நோயைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பழவேற்காடு, பொன்னேரிப் பக்கம் இறால் வளர்த்தவர்களுக்கு ‘வெண்புள்ளி’ என்றாலே வயிறு கலங்கும். 1990களில் இறால் பண்ணைகளை அழித்த அந்த நோய் ஒரு வைரஸ். நல்ல தண்ணீர் மீனுக்கு வருகிற வெண்புள்ளி வேறு. நாம் இப்போது பேசுவது கடல் மீனுக்கு வருகிற வெண்புள்ளி. பெயர்தான் ஒன்று, மூன்றும் மூன்று நோய்.

அடையாளம் என்ன?

மீனின் உடம்பிலும் துடுப்பிலும் ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மீன் கல்லிலும் மணலிலும் உடம்பைத் தேய்க்கும். செவுளை வேகமாக அடித்து மூச்சு வாங்கும். இரை எடுக்காது. சில சமயம் கிருமி செவுளில் மட்டும் இருக்கும். வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. மூச்சு வாங்குகிற மீனைப் பார்த்ததும் சந்தேகப்பட வேண்டும்.

இதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. ஜப்பான் நாட்டில் 1930களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அலங்கார மீனை மட்டும் அல்ல, கூண்டில் வளர்க்கிற கொடுவா மீனையும் இது தாக்கும்.

மறைகிற புள்ளியை நம்பாதீர்கள்

நம் ஆட்கள் ஏமாந்து போகிற இடம் இதுதான். புள்ளியைப் பார்த்ததும் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். நாலு நாளில் புள்ளி மறைகிறது. ‘ஆகா, மருந்து கேட்டுவிட்டது’ என்று சந்தோஷப்படுகிறார்கள். ஒரு வாரம், பத்து நாள் போனால் முன்னைவிடப் பத்து மடங்கு புள்ளி. அப்புறம் மீன் நிற்காது.

ஏன் இப்படி? மாட்டு உண்ணியை நினைத்துப் பாருங்கள். உண்ணி மாட்டின் மேல் ஏறி இரத்தம் குடித்துப் பெருத்ததும் தானே கீழே விழுகிறது. ‘மாட்டை உண்ணி விட்டுவிட்டது’ என்றா சொல்வீர்கள்? அது கொட்டகைச் சந்தில் போய் முட்டையிடும். குஞ்சுகள் மறுபடி மாட்டில் ஏறும். இந்தக் கிருமியும் அப்படித்தான். மூன்று நாளிலிருந்து ஏழு நாள் வரை மீன் உடம்பில் தின்று பெருக்கும். பிறகு தானாகவே கழன்று, தொட்டியின் அடியில், மணலில், கல்லில், ஃபில்டரில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டும். உள்ளே ஒன்று பலவாகி, கூடு வெடிக்கும்போது நூற்றுக்கணக்கில் குஞ்சுக் கிருமி வெளியே வரும். அவை ஓரிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் செத்துப் போகும்.

ஆகவே, புள்ளி மறைந்தது மருந்தினால் அல்ல. கிருமி மீனிலிருந்து தரைக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கூட்டுக்குள் இருக்கும்போதும், மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. வெளியே நீந்துகிற குஞ்சுப் பருவத்தில்தான் அதைக் கொல்ல முடியும். வைத்தியம் முழுவதும் இந்தக் கணக்கை ஒட்டியே செய்ய வேண்டும்.

கல்லுப்புப் போடலாமா?

நல்ல தண்ணீர்த் தொட்டியில் வெண்புள்ளி வந்தால் ஒரு பிடி கல்லுப்புப் போடுவது உங்களுக்குக் கைவந்த பழக்கம். கடல் மீன் தொட்டியில் அது பலிக்காதுங்க. இந்தக் கிருமி பிறந்து வளர்வதே கடல் தண்ணீரில். உப்பு அதற்குத் தாய்வீடு. தண்ணீரைச் சூடாக்குவதும் கூடாது. சூட்டில் கிருமி இன்னும் சுறுசுறுப்பாகப் பெருகும். கத்திரி வெயில் காலத்தில் நோய் வேகமாகப் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று நாளுக்கு ஒரு தொட்டி

மருந்தே இல்லாத முறை ஒன்று உண்டு. 1980களிலேயே ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்து எழுதிய முறை இது. ஆட்டுப் பட்டியைத் தினம் ஒரு வயலாக மாற்றிப் போடுகிறோம் அல்லவா, அதே யுக்திதான்.

கூடு கட்டிய கிருமி வெடிக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும். அதற்குள் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால், குஞ்சு வெளியே வரும்போது அங்கே மீன் இருக்காது. இரண்டு பிளாஸ்டிக் தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஏர் பம்ப் குழாய், காற்றுக்கல், வலை வேண்டும். திங்கட்கிழமை காலை எல்லா மீனையும் பிடித்துப் புதிய உப்புநீர் உள்ள முதல் தொட்டியில் விடுங்கள். வியாழன் காலை இரண்டாவது தொட்டிக்கு மாற்றுங்கள். முதல் தொட்டியைக் கழுவி, காற்றுக்கல், வலை எல்லாவற்றோடும் வெயிலில் சொட்டு ஈரமில்லாமல் காய வையுங்கள். ஞாயிறு காலை மறுபடி முதல் தொட்டிக்கு. புதன் காலை இரண்டாவதற்கு. சனிக்கிழமையோடு 12 நாள் ஆகிறது. அன்றைக்கு மீனை மூன்றாவதாக ஒரு சுத்தமான தொட்டியில் விட்டுவிடலாம்.

இதில் இரண்டு கட்டுப்பாடு. ஒன்று, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்றால் அத்தனை உழைப்பும் வீண். இரண்டு, பழைய தண்ணீர் கூடவே வரக் கூடாது. ஈர வலை, ஈரக் கை, ஈரக் குழாய் எல்லாமே கிருமிக்கு வண்டி. புதிய தண்ணீரின் உப்பும் சூடும் பழைய தண்ணீருக்குச் சமமாக இருக்கட்டும். இரையைக் கொஞ்சமாகப் போடுங்கள். கழிவில் அமோனியா ஏறினால் நோய்க்கு முன்னால் அதுவே மீனைக் கொன்றுவிடும்.

உப்பைக் குறைக்கிற முறை

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இதை இரண்டு நாளில் படிப்படியாக 14, 15 கிராமுக்கு இறக்கி, நான்கு வாரம் அப்படியே வைத்திருந்தால் கிருமி பிழைக்காது. 16 கிராமைத் தாண்டவிட்டால் பயன் இல்லை. ஆகவே நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை உதவாது. உப்பு அளக்கும் கருவி கட்டாயம் வேண்டும். திரும்ப ஏற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இறாலும் நத்தையும் கடற்சாமந்தியும் உள்ள தொட்டியில் இதைச் செய்தால் அவை செத்துவிடும். தனித் தொட்டியில்தான் செய்ய வேண்டும். குறைந்த உப்பையும் தாங்குகிற கிருமி வகை சில இடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. அதனால் முதலில் சொன்ன மாற்றுமுறையே மேல்.

மயில்துத்தம்

போர்டோ கலவைக்கு வாங்கின மயில்துத்தம் வீட்டில் இருக்கும். ‘ஒரு சிட்டிகை போட்டால் என்ன?’ என்று கேட்பீர்கள். செம்பு இந்தக் கிருமியைக் கொல்லும், உண்மை. ஆனால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்புதான் அளவு. 100 லிட்டர் தண்ணீருக்கு வெறும் 20 மில்லிகிராம்! குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் மீன் சாகும். சிட்டிகைக் கணக்கு எடுபடுமா? செம்பை அளக்கிற சோதனைப் பெட்டி வாங்கி, தினம் அளந்து, குறைந்ததைச் சேர்த்து, இரண்டு மூன்று வாரம் விடாமல் பார்க்க முடிந்தவர் மட்டும், கல்லும் மணலும் இல்லாத தனித் தொட்டியில் செய்யலாம். கிளிஞ்சலும் பவளக் கல்லும் செம்பை உறிஞ்சிவிடும். வேலை முடிந்த தண்ணீரை ஏரியிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. புள்ளியாக இல்லாமல், பொன் நிற மாவு தூவினாற்போல மெல்லிய தூசி தெரிந்து, மீன் மூச்சுத் திணறினால் அது வேறு நோய். ‘வெல்வெட்’ என்பார்கள். ஓரிரண்டு நாளிலேயே தொட்டியைக் காலி செய்துவிடும். உப்பைக் குறைப்பதால் அது போகாது. அதற்குச் செம்புதான் வைத்தியம்; உடனே விவரம் தெரிந்தவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

தொட்டியைத் தரிசு போடுங்கள்

மீன் குணமாகிவிட்டது என்று உடனே பழைய தொட்டியில் விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். அங்கே தரையில் கூடுகள் காத்திருக்கின்றன. அந்தத் தொட்டியில் ஒரு மீன்கூட இல்லாமல் தரிசாகப் போட வேண்டும். இறாலும் நத்தையும் இருக்கலாம். அவற்றில் இந்தக் கிருமி பிழைக்காது. ஃபில்டரும் காற்றும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். எத்தனை நாள்? பெரும்பாலான கூடுகள் நாலு வாரத்தில் வெடித்துவிடும். ஆனால் 72 நாள் வரை தாமதித்தவையும் உண்டு என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். எனவே இரண்டரை மாதம் போட்டால் பயமே இல்லை. அதுவரை மீன் அந்த மூன்றாவது தொட்டியில் இருக்கட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

‘இரண்டரை மாதம் தொட்டி சும்மா கிடப்பதா?’ என்று மனம் கேட்காது. ஒரு கணக்குப் போடுவோம். மீன் ஒன்று 500 ரூபாய் என்று வையுங்கள். பத்து மீன் செத்தால் 5,000 ரூபாய். அவசரப்பட்டு அதே தொட்டியில் இன்னும் பத்து வாங்கி விட்டால் அதுவும் போய் 10,000. காத்திருந்தால் செலவு கொஞ்சம் உப்பும் மின்சாரமும்தான்.

வராமல் காப்பது

சந்தையில் வாங்கின கோழியை நேரே கூட்டில் அடைத்து, வெள்ளைக் கழிச்சலில் கூடு முழுவதையும் பறிகொடுத்தவர்கள் நம்மில் உண்டு. மீனும் அப்படித்தான். புது மீன் எதுவானாலும் ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். கடையில் அதே தொட்டியில் உள்ள மற்ற மீன்களையும் கவனித்து வாங்குங்கள். பையில் வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். கல்லோ நத்தையோ வாங்கினாலும் கூடு ஒட்டியிருக்கலாம். அதையும் மீன் இல்லாத தண்ணீரில் தனியே வைத்திருந்து சேருங்கள்.

தண்ணீர் விஷயம் ஒன்று. கடைக் கல்லுப்பைக் கரைத்தால் கடல் தண்ணீர் ஆகாது. உப்பளத்தில் உப்பு விளையும்போது மற்ற சத்துகள் பெரும்பாலும் மிச்சத் தண்ணீரிலேயே தங்கிவிடும். மீன் தொட்டிக்கென்று விற்கிற உப்பையே வாங்குங்கள். கடலிலிருந்து கொண்டு வருவதானால் கூவமும் எண்ணூர்க் கழிமுகமும் சேருமிடத்தில் எடுக்க வேண்டாம்.

கடலிலிருந்து பவளக் கல் உடைத்து வந்ததை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பவளமும் கடல் குதிரையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வார்த்தை. புள்ளி மறைந்திருக்கிற அந்த நாலு நாள் இருக்கிறதே, அப்போது மீன் பார்க்க நன்றாக இருக்கும். ‘இப்பவே தள்ளிவிட்டால் போட்ட பணமாவது வரும்’ என்று தோன்றும். செய்யாதீர்கள். வாங்கிப் போகிறவர் வீட்டிலும் ஒரு தொட்டி, ஒரு கடன், ஆசையாகப் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்று நீங்கள் கைமாற்றி விட்ட கிருமி சந்தை சுற்றி நாளைக்கு உங்கள் வாசலுக்கே வரும். நோய் கண்ட வீட்டில் மீன் விற்பனையை நிறுத்துவதுதான் இந்த வட்டாரம் முழுவதற்கும் காவல்.

சந்தேகம் இருந்தால் மீன்வளத்துறை அலுவலகத்திலோ, பொன்னேரியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியிலோ, சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டுத் தெளிவு பெறுங்கள். போகும்போது தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டிலும், முடிந்தால் நோய் கண்ட மீனை உயிரோடும் கொண்டு போங்கள்.