அடைக்கலமன்று, வாழ்வு வேண்டும்

(வாஷியில் கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளை வளர்த்து முதுமையடைந்த பெற்றோரை வாட்டும் வினா ஒன்றே: “எங்களுக்குப் பின் யார்?” 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இத்தகையோர் 15 லட்சம் பேர். இது மனநோயன்று, மருந்தால் தீர்வதுமன்று. வாழ்நாள் முழுவதும் துணை வேண்டும் நிலை.

சமூகம் இதுவரை அளித்த விடை, கண்ணுக்கு மறைவாக ஒரு விடுதி. அதன் விளைவை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பன்வேலை அடுத்த களம்போலியில், தனியார் அமைப்பொன்று நடத்திய விடுதியில் இத்தகைய சிறுமியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது 2011இல் வெளிவந்தது. 2013இல் விசாரணை நீதிமன்றம் அதன் நிர்வாகி உள்ளிட்டோரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. தனிமனிதக் கொடுமை என்று மட்டும் இதனை ஒதுக்கிவிட இயலாது. கதவு பூட்டியிருக்க, வந்து பார்ப்போர் இல்லாதிருக்க, உள்ளிருப்போர் சொல் அம்பலம் ஏறாதிருக்க, கொடுமை அங்கே தடையின்றி வளர்கிறது.

மாற்று வழி உண்டு. சுவீடன் தன் பெருவிடுதிகளை 1999 இறுதிக்குள் மூடச் சட்டம் இயற்றியது; ஊர் நடுவே சிறு வீடுகள் அமைந்தன. நமது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் சமுதாயத்தில் வாழும் உரிமையை ஏற்கிறது. 37ஆம் பிரிவு வீட்டுவசதித் திட்டங்களில் 5 விழுக்காடு ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் ஒன்றிய அரசின் ஓய்வூதியமோ மாதம் 300 ரூபாய். அதுவும் 80 விழுக்காடு குறைபாடுள்ள, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கே!

வீடு சிறிதானால் போதுமா? போதாது. நால்வர் வாழும் வீடும் சிறையாகலாம். எப்போது எழுவது, எதை உண்பது, யாருடன் அறையைப் பகிர்வது, கைப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்பவற்றை முடிவு செய்பவர் யார்? வாழ்க்கைத் தரத்தின் அளவுகோல் இதுவே. துணையாளர் தாமே சமைத்துப் பரிமாறினால் அது பராமரிப்பு. அவரைப் பக்கத்தில் அமர்த்திச் சேர்ந்து காய் நறுக்கினால் அது வாழ்வு. இவ்வாறு துணைநிற்பதற்குப் பொறுமையும் பயிற்சியும் வேண்டும். குறைகூலி ஒப்பந்தத்தில் 12 மணிநேரம் உழைக்கும் பெண்ணிடம் அதனை எதிர்பார்ப்பது அநீதி. ஆகவே இது தொழிலாளர் பிரச்சனையும் ஆகும்.

வாஷியில் மாநகராட்சியே மாற்றுத்திறனாளிகளுக்கான கல்வி, பயிற்சி மையம் நடத்துகிறது. பொதுநிதியால் இயலும் என்பதற்கு அதுவே சான்று. அடுத்த கோரிக்கை வீடு: சிட்கோ குடியிருப்புகளில் 5 விழுக்காட்டிலிருந்து துணையுடன் வாழும் இல்லங்கள், நிரந்தரப் பணியாளர்கள்.

அத்தகைய வீடு நம் கட்டடத்தில் அமையும்போது வீட்டுவசதிச் சங்கக் கூட்டத்தில் எதிர்ப்பு எழக்கூடும். அன்று முதலில் எழுந்து ஆதரித்துப் பேசுபவர் நம் தோழராக இருக்க வேண்டும்.